பவுசுக்கு எவம்லே பீசு கட்டுவான்?

எய்யா ராசா, காலேசுல எடம் கெடச்சிட்டாமே. சந்தோசம். ஊரு பூரா மிட்டாய் குடுத்தாச்சு. தெருமுனையில உன் படத்தோட பிளெக்சும் கட்டியாச்சு. கூலிங்கிளாசு போட்டுக் கைகட்டி நிக்குத. படிக்கப் போற பயலுக்குக் கூலிங்கிளாசு எதுக்குன்னு நான் கேக்கப்பிடாது. கேட்டா அந்தக் காலத்து ஆளு. சரி, பிளெக்சுக்குத் துட்டு குடுத்தாச்சு. பீசுக்கு? அதைக் கேட்டா மட்டும் வீட்டுல எல்லாரும் மோட்டைப் பாக்குதாங்க.

இப்பிடி வந்து ஒக்காரு. படிக்கதுக்குத் துட்டு இல்லாம இல்லடே. கேட்டு வாங்க வேண்டிய எடத்துல உனக்கு வெக்கமா இருக்கு, அதாம் சங்கதி. இ-சேவை வாசல்ல நிக்க வெக்கம். பஸ்சுல போக வெக்கம். பந்தியில பரிமாற வெக்கம். ஆனா தவணைக்குப் போன் வாங்கிக் காதுல வைக்க வெக்கமே இல்ல. வெக்கம் நல்ல குணந்தாம்லே. எடம் பாத்து வரணும்லா?

மொதல்ல அந்தப் புரோக்கரை வெளிய அனுப்பு. ரிசல்ட்டு வந்த அன்னைக்கே வெள்ளையும் சொள்ளையுமா வந்து காப்பி குடிச்சிட்டுப் போனாம்லா, அவந்தான். "கவுன்சிலிங்லாம் எதுக்கு அலையணும், மேனேஜ்மெண்டுல அள்ளிப் போட்டுரலாம்"ங்கான். அள்ளிப் போடுதது உன்னையா, உங்கப்பன் காட்டையா? பீசைக் குறிக்க அரசு வச்ச குழு 2017-ல ஒரு கணக்குச் சொல்லிச்சு. தரச்சான்று வாங்குன தனியார் பொறியியல் காலேசுல கவுன்சிலிங் சீட்டுக்கு வருசம் 55,000 ரூவா, மேனேஜ்மெண்டு சீட்டுக்கு 87,000. அது ரசீதுல ஏறுத கணக்கு. ரசீது இல்லாம கவர்ல போற கணக்கு ஒண்ணு உண்டு, நன்கொடைன்னு பேரு. அதைத் தடுத்து 1992-லயே சட்டம் வந்துட்டு. முப்பது வருசம் தாண்டியாச்சு. நன்கொடைக்கு மட்டும் இன்னும் தாக்கல் போய்ச் சேரல போலுக்கு.

கவுன்சிலிங் வழியாப் போனா இன்னொரு லாபம் இருக்கு. அதுல என் பங்கும் உண்டு, கேட்டுக்க. தாத்தா, ஆச்சி, அப்பன், ஆத்தா, கூடப்பொறந்ததுன்னு வீட்டுல ஒருத்தரும் பட்டம் வாங்கலைன்னா நீ முதல் பட்டதாரி. 2010-லேருந்து அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தொழிற்படிப்புப் பீசுல ஒரு பங்கை அரசே ஏத்துக்கிடுது. அஞ்சாங்கிளாசோட நான் ஆடு மேய்க்கப் போனதை இத்தனை நாளா எளக்காரம் பேசுனியே, இப்பம் அந்த ஆட்டுக்குத்தாம்லே அரசாங்கம் துட்டு குடுக்கு. ஆச்சி மூணாங்கிளாசுல நின்னுட்டா. உங்கப்பன் பத்தாங்கிளாசுல ரெண்டு தடவை ஒக்காந்து பாத்தான், பெஞ்சுதான் தேஞ்சுது. பரம்பரை பரம்பரையா நாங்க படிக்காம சேத்து வச்ச சொத்துடே அது! இ-சேவை மையத்துல 60 ரூவா குடுத்து உன் பேருக்கு எழுதி வாங்கிக்க. வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் கெடைக்கும். மேனேஜ்மெண்டு சீட்டுல போனியோ, தாத்தன் சொத்து அம்போ.

அந்த முதல் பட்டதாரிக் காகிதம் அந்தானைக்குக் கைக்கு வந்துராது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீசுன்னு படிப்படியா ஏறி எறங்கணும். எங்களோட பழைய டி.சி.யெல்லாம் கேப்பாங்க, பரண்ல தேடணும். கூடவே வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று. எல்லாத்தையும் முன்கூட்டியே எடுத்து ஒரு பையில போட்டு வை. கடைசி நாள்ல போனா சர்வருக்குக் காய்ச்சல் வந்துரும். போன வருசத்துக்கு முந்தின வருசமும் வந்துது, இந்த வருசமும் வரும்.

அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பிள்ளையா நீ? அப்ப காலை நீட்டி ஒக்காரு. 2021-லேருந்து பொறியியல், வேளாண்மை, சட்டம்னு தொழிற்படிப்புல உங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதுல எடம் கெடச்சா படிப்புப் பீசு, ஆஸ்டல் பீசு, கவுன்சிலிங் பீசு எல்லாம் அரசு பொறுப்பு. பொம்பளப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்துது, பயலுவளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டுல வந்துது. மாசம் 1,000 ரூவா பேங்குல விழும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனியா இருக்கு.

"ஆயிரம் ரூவா வாங்குதது கிளாசுல தெரிஞ்சா அசிங்கம் தாத்தா"ங்கான் ஒருத்தன். அதே பய சாயங்காலம் டீக்கடையில கூட்டாளிகிட்ட எரநூறு கைமாத்துக் கேட்டு நிக்குதான். அரசாங்கத்துக்கிட்ட வாங்குனா அசிங்கமாம், அடுத்தவன்கிட்ட வாங்குனா சிநேகமாம். கோட்டிக்காரப் பய! அழுத பிள்ளைக்குத்தாம்லே பாலு. நீ வாயைத் தொறக்காம நின்னா, பாலு தானா திரிஞ்சு போவும்.

சரி, இவ்வளவும் பத்தல. பேங்குல கடன் வாங்கணும். வாங்கு, தப்பில்ல. 4 லட்சம் வரைக்கும் அடமானமும் வேண்டாம், மூணாம் ஆள் ஜாமீனும் வேண்டாம். அப்பனோ ஆத்தாளோ கூடச் சேந்து கையெழுத்துப் போட்டாப் போதும். வித்யாலட்சுமின்னு 2015-லேருந்து இணையத்துல ஒரு வாசல் தொறந்திருக்கு, அதுல மனுப் போடலாம். மேனேசர் மூணு தடவை திருப்பி விட்டா நாலாந் தடவை போ. எதுக்கு இல்லைங்காருன்னு எழுத்துல கேளு. எழுத்துல கேட்டா மனுசனுக்குத் தன்னால மரியாதை வந்துரும்.

ஆனா ஒண்ணு. "படிச்சு முடிச்சு ஒரு வருசம் கழிச்சுத்தான் கட்டணும்"னு சொன்னதும் நீ துள்ளுத பாரு, அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது. கட்டுததுதாம்லே அப்புறம். வட்டி அன்னைக்கே ஏற ஆரம்பிச்சிரும். வட்டிங்கது வேலிக்கருவை மாதிரி, தண்ணி ஊத்தாமலே வளரும். வெரலை மடக்கு. வருசம் ஒரு லட்சமா நாலு வருசம் வாங்குத. வட்டி நூத்துக்குப் பத்துன்னு வச்சுக்க. மொத லட்சத்துக்கு அஞ்சு வருச வட்டி 50,000. ரெண்டாவதுக்கு 40,000. பொறவு 30,000, 20,000. ஆக 1,40,000. மொதத் தவணை கட்ட நீ பேங்கு வாசல்ல கால் வைக்கும்போது உன் தலையில 5,40,000 நிக்குது. நீ வாங்குனது நாலுதான்.

இதுக்கும் வழி இருக்கு. வீட்டு வருமானம் வருசத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தொழிற்படிப்புக்கு அந்தப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு கட்டுத திட்டம் 2009-லேருந்து இருக்கு. அதுக்கும் அதே வருமானச் சான்றுதான். உன் காலேசு அதுல சேருமான்னு பேங்குலயே கேட்டுத் தெரிஞ்சுக்க. அது கெடைக்கலைன்னா, படிக்கும்போதே மாசா மாசம் வட்டியை மட்டும் கட்டிட்டு வா. ஒழுங்காக் கட்டுதவனுக்கு வட்டியில ஒரு சதவீதம் கொறைக்க பேங்கு உண்டு. எலெக்சன் வரும், தள்ளுபடி வரும்னு மட்டும் காத்துக் கெடக்காதே. சித்ரகுப்தனாவது நாம செத்த பொறவுதான் நோட்டைத் தொறப்பான். கடன் பாக்கியைக் குறிச்சு வைக்க சிபில்காரன் நீ வீடு கட்டக் கடன் கேக்கும்போதே தொறந்துருவான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. போன்ல ஒரு அமுக்கு அமுக்குனா அஞ்சு நிமிசத்துல பத்தாயிரம் தாரவன். கந்துவட்டிக்குத் தடை போட்டு 2003-ல இங்க சட்டம் வந்துது. கந்துவட்டிக்காரனுக்காவது உன் வீட்டு வாசல் ஒண்ணுதான் தெரியும். இந்த ஆப்புக்காரனுக்கு உன் போன்ல இருக்க அத்தன நம்பரும் தெரியும். ஒரு தவணை தப்புனா உன் வாத்தியாருக்கும் அத்தைமகளுக்கும் சேத்து போன் போடுவான். அன்னைக்கு வரும்லே வெக்கம், கொண்டாந்து கொட்டும்!

அந்தக் காலத்துல எப்பிடின்னு கேக்கியா? விருதுநகர்ல சத்திரிய வித்தியாசாலா இருக்குல்லா, காமராசர் படிச்ச பள்ளிக்கூடம். வீட்டுக்கு வீடு ஒலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வச்சுக் குடுத்தாளுவ. அந்தப் பிடி அரிசித் துட்டுல நடந்த பள்ளிக்கூடம் அது. குடுத்தவளுக்கும் பவுசு இல்ல, படிச்சவனுக்கும் வெக்கம் இல்ல. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போய்ப் பாரு. ஆடி மாசம் பொறந்தா மொய் விருந்து. கறிச்சோறு போட்டு ஊர்த் துட்டை ஒரே நாள்ல வாங்கி, பிள்ளைக்குப் பீசும் கட்டுதாங்க, கடையும் வைக்காங்க. எவன் எவ்வளவு செஞ்சாங்கிறது நோட்டுல இருக்கும். அவன் விருந்து வைக்கும்போது மறக்காம திருப்பிச் செய்யணும். கேட்டு வாங்குததும் கரெக்டாத் திருப்புததுந்தான் அங்க கௌரவம்.

பீசு கட்டியாச்சு. இனி வயிறுன்னு ஒண்ணு இருக்கு. உன் மாசக் கணக்கைக் கொஞ்சம் காட்டு. என்னது இது, ஒரு காப்பி 250 ரூவாயா? அதுல மாடும் சேத்துத் தருவானா? கேட்டா "ஏசி இருக்கு தாத்தா, ஒக்காந்து படிக்கலாம்"ங்க. மெட்ராசுல படிக்கியா, கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லேருந்து தொறந்து கெடக்கு. மதுரையா, 2023-ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துட்டு. அங்கயும் குளுகுளுன்னுதான் இருக்கும். ஒக்காந்ததுக்கு ஒருத்தனும் பில்லு போட மாட்டான்.

ஆளுக்கொரு ரூம் எதுக்கு? நாலு பேர் சேந்து ஒரு வீடு பிடி. ஒரு கரண்டு குக்கரு, ஆச்சி இடிச்சுத் தார பருப்புப்பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். பாதி மாசம் ஓடிரும். மெட்ராசுல அம்மா உணவகம்னு 2013-ல ஒரு ரூவாக்கு இட்லி போட ஆரம்பிச்சாங்க. அங்க வரிசையில நின்னு சாப்பிட்டு ஆபீசரா ஆனவன் ஒருத்தனும் அந்த இட்லியைக் கொறை சொல்லிக் கேட்டதில்ல. பொம்பளப் பிள்ளைகளுக்குச் சாதாக் கட்டண டவுன் பஸ்சுல 2021-லேருந்து டிக்கெட்டுக்குத் துட்டே கெடையாது. பஸ்சு சும்மா போகுது, இவளுவ ரெண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோவுக்கு ஆப்பைத் தட்டுதாளுவ.

அப்புறம் இந்த இண்டஸ்ட்ரியல் விசிட்டு. தொழிற்சாலையைப் பாக்கப் போறோம்னு ஏழாயிரம் எட்டாயிரம் கேக்கான். எங்கலேன்னா, கோவாங்கான். கோவாவுல எந்த மில்லுடே ஓடுது? நம்ம பக்கத்துல கோவில்பட்டியில தீப்பெட்டி செய்யுதான், சிவகாசியில அச்சடிக்கான். அதெல்லாம் தொழிற்சாலை இல்லையா? அங்க கடல் இல்ல, அதாம் கொறை. போவலைன்னா கிளாசுல மதிக்க மாட்டானாம். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நீ கடல்ல போடுத.

துட்டு பத்தலையா, சம்பாதி. முகூர்த்த நாள்ல மண்டபத்துல பரிமாற ஆள் தேடி அலையுதாங்க. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல பாத்தேன். தலையில தொப்பி, கையில உறை, சாம்பார் வாளியோட ஒரு காலேசுப் பய. கைவேலை சுத்தம், எலையில ஒரு சொட்டு தெறிக்கல. திடீர்னு மூஞ்சி வெளிறிப் போச்சு. என்னன்னு பாத்தா, எதுத்த பந்தியில கூடப் படிக்கவன் ஒக்காந்திருக்கான். வாளியைத் தூக்கிட்டுத் தூணுக்குப் பின்னால போயிட்டான். அந்தக் கூட்டாளி சாப்பிட்டு எந்திச்சான், கை கழுவப் போற வழியில தூண்கிட்ட நின்னான். என்ன கேட்டான் தெரியுமா? "ஏலேய், அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் வேணும்னா எனக்கும் சொல்லுடே." அவ்வளவுதான். எல்லாப் பயலுக்கும் துட்டு தேவைதாம்லே. மொதல்ல வாளியைத் தூக்குதவன் ஒருத்தன் வேணும், அம்புட்டுதான்.

தெருப் பிள்ளைகளுக்கு டியூசன் எடு. தீவாளி சமயத்துல ஜவுளிக்கடையில நில்லு. ஆனா பரீட்சைக்கு முன்னால வாளியைக் கீழ வச்சிரு. சம்பாதிக்கப் போய் அரியர் வச்சேன்னு வந்து நின்னா, கம்பை எடுத்துருவேன்.

உங்கப்பனுக்கும் ஒரு வார்த்தை இருக்கு. அவன் கேக்க மாட்டான், நீ போய்ச் சொல்லு. தங்கச்சி சடங்குக்கு மண்டபம் பிடிச்சு மூணு லட்சம் கரைக்கத் தெரியுது, பிள்ளை படிப்புக்கு வருசம் பத்தாயிரம் எடுத்து வைக்கத் தெரியலையா? வெரலுக்கேத்த வீக்கம் வேணும்லா? இருக்க நகையை அடகு வைக்கதும், காட்டை விக்கதும் கடைசி வழி. மொத நாளே அதுக்கு ஓடாதே.

நாளைக்கு வெள்ளன எந்திரி. ரேசன் கார்டு, ஆதாரு, டி.சி. மூணையும் எடுத்துட்டு இ-சேவைக்குப் போ. பேங்குல உன் பேர்ல கணக்கு இல்லைன்னா அதையும் முடிச்சிரு. உதவித்தொகைக்குக் கடைசித் தேதி என்னன்னு காலேசு ஆபீசுல கேட்டுச் செவுத்துல எழுதி வை. சான்றிதழுக்குத் தாத்தா கையெழுத்து வேணுமா, இப்பமே கொண்டா, போட்டுத் தாரேன். போன் தவணைக்கு ஜாமீன் கையெழுத்துன்னு வந்தா மட்டும் தாத்தாவுக்குக் கண்ணு தெரியாது, பாத்துக்க.