பெரிய புள்ளிகள் பட்டியலில் வருவதில்லை

1970களின் தொடக்கம். நியூ ஜெர்சியின் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் தவழ ஆரம்பித்திருந்த சமயம். ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் அழையாத விருந்தாளிகளாக இரண்டு பெயர்கள் உட்கார்ந்திருந்தன: ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி. ஒற்றைப் புள்ளி என்றால் ‘நான்தான்’. இரட்டைப் புள்ளி என்றால் ‘எங்கப்பா’, அதாவது ஒரு படி மேலே உள்ள டைரக்டரி. உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பார்க்க ‘எல்எஸ்’ தட்டினால், இந்த இருவரும் பந்திக்கு முந்தும் தாய்மாமன்களாக முன்னால் வந்து நின்றார்கள்.

யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவர், கென் தாம்சனோ டென்னிஸ் ரிச்சியோ, சலித்துப்போய் அந்த ‘எல்எஸ்’ புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். இந்த இரண்டு பெயரை மட்டும் தள்ளு என்று எழுதியிருக்கலாம். சோம்பல். முதல் எழுத்து புள்ளியா, ஆளையே காட்டாதே என்று எழுதிவிட்டார். அன்று முதல் புள்ளியில் தொடங்கும் எந்த ஃபைலும் பட்டியலில் இல்லை. அடடா, ஒளித்துவைக்க என்ன வசதி என்று உலகமே தன் அழுக்கு மூட்டையை அங்கே திணித்தது. அது வசதியல்ல, பிழை என்று பிற்பாடு போட்டு உடைத்தவர் அதே பெல் லேப்ஸ்காரர் ராப் பைக்.

திருப்பதிக்காரர்களுக்கு இது புதிதல்ல. திருமலையில் உண்டியல் பக்கத்திலேயே ஓர் அறை. உள்ளே தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் வம்சத்தின் கீர்த்தனைச் செப்பேடுகள். பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் காசைப் போட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒளிந்ததையும் காட்டும் ‘எல்எஸ் -ஏ’வை யாரோ அடித்ததுபோல, மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கில் பாட்டு!

‘எங்கப்பா’ கதையும் இங்கே உண்டு. 1911 வரை திருப்பதியின் இரட்டைப் புள்ளி வடஆற்காடு. அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அப்பா மாறினார். ஏழுமலையில் ஒன்றுகூட நகரவில்லை. முகவரி மட்டும் நகர்ந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதியே மாவட்டமானது. இப்போது திருப்பதியிலிருந்து ஒரு படி மேலே போனால் திருப்பதி! யூனிக்ஸில் இந்த யோகம் எல்லாவற்றுக்கும் உச்சியிலுள்ள மூல டைரக்டரிக்குத்தான் உண்டு. அதன் இரட்டைப் புள்ளி அதனிடமே திரும்பும். சுவாமிமலைக்காரர் தகப்பனுக்குச் சாமி. இந்த ஊரோ தனக்கே தகப்பன்.

தர்ம தரிசன வரிசையில் கால் கடுக்க நிற்கையில், பெரிய புள்ளி ஒருவரையும் காணோமே என்று எட்டிப் பார்க்காதீர்கள். புள்ளி என்றாலே வரிசையில் தெரியாது. கென் தாம்சனோ ரிச்சியோ, அன்றே எழுதிவிட்டார்.