விரல் பாதி, ஸ்பிரிங் பாதி

கேள்வி: ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் மடக்குக் கத்தி வாங்க ஆசை. அதுவும் பட்டன் கத்தியும் ஒன்றுதானே? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஒன்றல்ல. பட்டன் கத்தி, சினிமா வில்லன் கையில் அழுத்தியதுமே பாயும். இதிலோ அலகை முதலில் உங்கள் விரல் தள்ள வேண்டும். மிச்சம்தான் ஸ்பிரிங்கின் வேலை. மூடியிருக்கும்போது அலகு உள்ளேயே நிற்கப் பார்க்கும். அமெரிக்கா தனது 1958-ஆம் ஆண்டு பட்டன் கத்திச் சட்டத்திலிருந்து 2009-இல் இதற்கு விலக்கு அளித்ததற்கு அதுவே காரணம்.

வாங்கும்போது மூன்று சோதனை: திறந்தபின் அலகு ஆடக் கூடாது, பிடி வழுக்கக் கூடாது, பைக்குள் திறந்துகொள்ளாதபடி தடுப்புப் பூட்டு வேண்டும். மாம்பழம் நறுக்கத்தான் என்றால், வீட்டு அரிவாள்மனை போதும். அதிலும் மடங்குவது உண்டு. சட்டைப் பைதான் தாங்காது!