வால்வு வாத்தியார்

வால்வு வாத்தியாருக்குக் கடை உண்டு, போர்டு கிடையாது. சென்னை ரிச்சி தெருவிலோ அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலோ ஏதாவது ஒரு மாடிப்படிக்கு அடியில் அவர் உட்கார்ந்திருப்பார். முன்பு போர்டு இருந்தது. பக்கத்துக் கடை செல்போன்காரர் தன் பேனருக்கு இடம் போதவில்லை என்றார். இவர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டார். "தெரிஞ்சவன் எப்படியும் வருவான். தெரியாதவன் வந்து என்ன செய்யப் போறான்?" என்பது அவருடைய வியாபாரக் கொள்கை. சார்ஜர், இயர்போன், சிசிடிவி கேமரா என்று கையைப் பிடித்து இழுக்கும் கடைகளுக்கு நடுவே விசாரித்துக்கொண்டே போனால், "யாரு, வால்வு செட்டெல்லாம் பாப்பாரே, அவரா? இன்னும் இருக்காரா?" என்று யாராவது திருப்பிக் கேட்பார்கள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் நீங்கள் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள்.

அவரைத் தேடி வருகிறவன் பெரும்பாலும் முப்பதைத் தொடாத இளைஞன். கறுப்பு டி-ஷர்ட், குடுமி, முகத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கவலை. பின்னால் ஆட்டோவில் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள ஒரு கிடார் ஆம்ப். ஆட்டோக்காரர் அதை வாஷிங் மெஷின் என்று முடிவு செய்து அதற்கான ரேட்டை வாங்கியிருப்பார்.

இந்தப் பழைய ஆம்ப்கள் நம் ஊருக்கு வந்த கதை பல கிளையாகப் போகும். பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் ரயில்வே வேலையும் கிறிஸ்துமஸ் நடனமுமாக வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது விற்றுவிட்டுப் போனவை சில. மெல்லிசைக் குழுக்களும் சர்ச் குழுக்களும் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் குடோனில் போட்டவை சில. அமெரிக்காவிலிருந்து திரும்பும் மென்பொருள்காரர்கள் கப்பலில் ஏற்றி வருபவை சில. இந்தக் கடைசி வகைதான் வாத்தியாருக்கு நிறைய வேலை வைக்கும். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230. கடல் கடந்து கீறல் படாமல் வந்த பெட்டியை, இடையில் ஸ்டெப் டவுன் வைக்காமல் சித்தப்பா நேராகச் சுவரில் சொருகுவார். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர்.

வாத்தியாரிடம் வருவதற்கு முன்பே ஆம்ப் வேறு இரண்டு மூன்று கைகளைப் பார்த்திருக்கும். வீட்டுப் பக்கத்து டிவி மெக்கானிக் பின்பலகையைத் திறந்து, "உள்ள பல்பெல்லாம் எரியுது சார், ரொம்பப் பழசு. எல்லாத்தையும் உருவிட்டு ஐ.சி. போர்டு வெச்சுத் தரேன், ப்ளூடூத்தும் வரும்" என்றிருப்பார். இவர் நல்லவர். தெரியாது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்பவரால் ஆபத்தில்லை. பயப்பட வேண்டியது விவரம் தெரிந்தவருக்கு. ஆம்பைத் திறந்ததும் உள்ளே முல்லார்டு வால்வு இருக்கிறதா, டெலிஃபுங்கன் வால்வின் அடிக்கண்ணாடியில் அந்த வைர முத்திரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "நாலும் அவுட்டு சார்" என்பார். புதுச் சீன வால்வு போட்டு, அதற்கும் காசு வாங்கிக்கொண்டு அனுப்புவார். பழையது எங்கே என்று கேட்டால் குப்பையில் போட்டுவிட்டேன் என்பார். அந்தக் குப்பை அடுத்த வாரம் நல்ல விலைக்குப் போகும்.

இனி நம் வாத்தியார். இளைஞன், "அண்ணே, இது ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், 1965, எண்பத்தஞ்சு வாட்டு, நாலு சிக்ஸ் எல் சிக்ஸ்..." என்று அடுக்கிக்கொண்டிருப்பான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியின் பின்பக்கம் குனிந்து மோந்து பார்ப்பார். ட்ரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் கருகியிருந்தால் அந்த நாற்றம் வருஷக்கணக்கில் போகாது. நாற்றம் இல்லையென்றால் முகத்தில் லேசாக ஒரு தெளிச்சி வரும். பிறகு ஆம்பைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, உள்ளே பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யாரு கை வெச்சது?"

இந்தக் கேள்விக்குத் தப்பிய ஆம்ப் இதுவரை அவர் மேஜைக்கு வந்ததில்லை. ஈயம் உருண்டு நிற்கும் இடம், கறுப்பு ஒயருக்குப் பதில் கிடைத்த பச்சை ஒயர், 500 வோல்ட் கண்டன்சர் இருக்க வேண்டிய இடத்தில் 350 என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். திட்ட மாட்டார். "ம்" என்பார். ஐந்து "ம்" விழுந்தால் பில் கூடும் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தகராறு ஆரம்பிக்கும்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்டு?"

"கரகரன்னு வருதுண்ணே."

"சரி, எடுத்துடலாம்."

இளைஞன் பதறிப்போவான். "ஐயோ, எடுத்துடாதீங்கண்ணே! அந்தக் கரகரப்புக்காகத்தான் இதை வாங்கினதே."

வாத்தியார் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்ப்பார். "அப்ப எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"வால்யூமைக் கூட்டி வாசிச்சா ஒரு கரகரப்பு வரும், அது இருக்கணும். சும்மா இருக்கும்போது ஒரு கரகரப்பு வருது, அது போகணும்."

இந்த இடத்தில் வாத்தியார் பக்கம் நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். மனிதர் நாற்பது வருஷமாக மைக் செட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அஹூஜா ஆம்ப்ளிஃபையரில் கரகரப்பு வந்தால் கட்சிக்காரர் அடிக்க வருவார், கோயில் தர்மகர்த்தா பாக்கியைத் தர மாட்டார். கரகரப்பை ஒழிப்பதே தொழில் என்று வாழ்ந்தவரிடம், பாதிக் கரகரப்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொடு என்று ஒருவன் வந்து நின்றால் அவர் என்னதான் செய்வார்? இளைஞன் விடுவதில்லை. 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற பையன், இந்தக் கரகரப்பு போதவில்லை என்று தன் ஆம்பின் ஸ்பீக்கர் கோனையே பிளேடால் கிழித்து வாசித்தான், அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது என்று சரித்திரம் சொல்வான். வாத்தியார் முழுதும் கேட்டுவிட்டு, "அந்த ஸ்பீக்கரை அப்புறம் யாரு ரீகோன் பண்ணது?" என்பார்.

ஆனாலும் அவருக்குப் புரியாமலில்லை. சீரியல் பல்பில் மாட்டி, மீட்டரை ஒவ்வொரு வால்வின் கிரிடிலும் வைத்துப் பார்த்துவிட்டு, கண்டன்சர் ஒன்று கசிந்து வரக்கூடாத இடத்துக்கு டி.சி. வருவதைக் கண்டுபிடித்ததும் அவரே விளக்குவார். "தம்பி, எண்ணெய் காஞ்சு சடசடக்கறது வேற, சட்டி ஓட்டையாகி அடுப்புல ஒழுகறது வேற. ரெண்டும் சத்தம்தான். நீ கேக்கறது முதல்லது, உனக்கு வந்திருக்கறது ரெண்டாவது." ஆயிரம் பக்கம் எழுதினாலும் வால்வு ஆம்பின் மர்மத்தை இதற்கு மேல் விளக்க முடியுமா என்று தெரியவில்லை.

இவருக்குக் கிடார் பிடிக்கக்கூடத் தெரியாதே, இவரை எப்படி நம்புவது என்று சில இளைஞர்கள் வெளியே வந்து முணுமுணுப்பார்கள். அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்த ஃபெண்டர் ஆம்பைச் செய்த லியோ ஃபெண்டருக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது. அவர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து ஆரம்பித்தவர். மற்றொரு தெய்வமான ஜிம் மார்ஷல், லண்டன் ஹேன்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த டிரம் வாத்தியார். 1962இல் அவர் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப், ஃபெண்டரின் பாஸ்மேன் சர்க்யூட்டை அப்படியே அடியொற்றியது. ஆக, உலகத்துக் கிடார் சத்தத்தில் பாதி ஒரு ரேடியோ மெக்கானிக்கும் ஒரு டிரம்காரரும் போட்ட பிச்சை. படியடியில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள் அந்தப் பரம்பரைதான். அவரிடம் இதைச் சொன்னால், "அவருக்கும் யாரும் வாடகை ஏத்தலையா?" என்று கேட்பார்.

அவரை நம்பலாமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, வேலை செய்யும்போது அவருடைய இடது கை எங்கே இருக்கிறது என்று கவனிப்பது. ட்வின் ரிவர்ப் போன்ற ஆம்புக்குள் ஏறத்தாழ 450 வோல்ட் டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். வழியில் இருப்பது இதயம். வாத்தியார் முதலில் ரெசிஸ்டர் வைத்துக் கண்டன்சரை இறக்குவார். அப்புறமும் மீட்டரை வலது கையால் பிடித்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பார்ப்பதற்குப் பண்ணையார் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிற மிடுக்கு தெரியும். உண்மையில் அது உயிர்ப்பயம். உயிர்ப்பயம் இல்லாத வால்வு மெக்கானிக்கிடம் பொருளைக் கொடுக்காதீர்கள். மற்ற விஷயங்களிலும் அவருக்குப் பயம் இருக்காது. சிஷ்யன் ஒருவன் இருந்தான். அந்த 450 வோல்ட் ஒருமுறை அவனைத் தொட்டுப் பேசியதும் செல்போன் சர்வீஸுக்குப் போய்விட்டான். அங்கே பேட்டரி 3.7 வோல்ட்டுதான்.

யாரையும் கேட்காமல் அவர் செய்கிற மாற்றம் ஒன்றே ஒன்று. பழைய அமெரிக்க ஆம்ப்கள் இரண்டு பின் ஒயரோடு வரும். மின் இணைப்பிலிருந்து இரும்புச் சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டன்சர் போயிருக்கும். அது ஷார்ட் ஆனால் சேசிஸில் கரண்ட், கிடார் கம்பியில் கரண்ட், மைக்கில் உதடு வைத்த பாடகர் நடுவில். 1972இல் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியான எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அதனால் அந்தக் கண்டன்சரை நறுக்கிவிட்டு, எர்த்தோடு மூன்று பின் ஒயர் போட்டுவிடுவார். 'ஒரிஜினாலிட்டி போயிடுமே' என்று முனகும் சேகரிப்பாளர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. நறுக்கியதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டுவார். எடுத்த ரெசிஸ்டர், செத்த வால்வு, உருகிய ஃபியூஸ் எல்லாம் அந்தக் கவரில் வரும். அதுதான் அவர் பில். தொகையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அதற்குள்ளேயே போட்டிருப்பார்.

புது வால்வு கிடைப்பதும் இப்போது லேசில்லை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூன்றை விட்டால் ஏறக்குறைய ஆளில்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் வால்வு விலை எகிறியது. அன்றைக்கு உலகச் செய்தியை ரிச்சி தெருவில் ஊன்றிப் படித்தவர் வாத்தியார் ஒருவர்தான். அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த வால்வுகள், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். எவ்வளவு கொடுத்தாலும் தர மாட்டார். "வால்வு விக்க மாட்டேன், போட்டுக் குடுப்பேன்." அதற்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா, பழைய நூறு வாட் குண்டு பல்புகள். சீரியல் போர்டுக்கு அதுதான் வேண்டும். ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். எல்.ஈ.டி. அந்த வேலைக்கு ஆகாது. நாட்டில் மின்சாரம் மிச்சமானதில் வருத்தப்பட்ட ஒரே மனிதரை எனக்குத் தெரியும்.

குறை இல்லாத மனிதர் ஏது? நேரம்தான் அவர் குறை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் கிடார் ஆம்ப்கள் சுவரோரம் போய்விடும், மேஜை முழுக்க மைக் செட். கச்சேரி இருக்கிறது என்று எவனாவது கெஞ்சினால், "அம்மன் காத்திருக்க மாட்டா. நீ காத்திருப்பே" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவனும் காத்திருப்பான்.

வேலை முடிந்த அன்று டெஸ்டிங் நடக்கும். ஒயர் நுனியில் கட்டைவிரலை வைப்பார். 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் உயிர் இருக்கிறது. ரிவர்ப் ஸ்பிரிங் டப்பா இருக்கும் பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. இடி இடித்தால் அதுவும் சரி. கிடாரை எடுத்து வாசித்துக் காட்டத் துடித்துக்கொண்டிருப்பான் இளைஞன். வாத்தியார் அவனை நிறுத்திவிட்டுத் தன் செல்போனை அந்த 1965 ட்வின் ரிவர்ப்பில் மாட்டி டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைப் போடுவார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வகை ஆம்பில் முருகன் பாட்டா என்று அவன் முகம் சுருங்கும். டி.எம்.எஸ். குரலில் கரகரப்பு வரக்கூடாது என்பதுதான் வாத்தியாருடைய அளவுகோல். அது தெளிவாக வந்தால், பிறகு நீங்கள் கெடுத்துக்கொள்வது உங்கள் பாடு.

இதைப் படித்துவிட்டு அவர் முகவரி கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். ஆடி முடிந்து ஆவணியும் வந்துவிட்டது, என்னுடைய ஆம்ப் இன்னும் அவர் கடைச் சுவரோரம்தான் நிற்கிறது.