பேத்தி வூட்டு லில்லி

ஏனம்மணி, நீ கோயமுத்தூர்ல கதவத் தொறந்ததுமே வாசம் ஆளைத் தூக்குச்சு. கல்யாண வூட்டுக்குள்ள நொழைஞ்சிட்டனோன்னு செருப்பைக்கூட வெளியவே விட்டுட்டு நின்னேன். பார்த்தா கண்ணாடிப் போசியில மூணு லில்லி. கெழங்கு ஹாலந்துல இருந்து வந்து, ஊட்டியில கண்ணாடிக்காயிதக் கொட்டாய்ல வளந்து, உன்ற டீவிக்குப் பக்கத்துல வந்து நிக்குது. என்ற பாஸ்போர்ட்டு இன்னும் வரலே.

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில துருவாட்டம் ஒரு கறை. நீ ஈரத்துணி வெச்சு அழுத்தித் தேச்சே. நல்லாத் தேய் சாமி, முதுகு வரைக்கும் பரவட்டும், துணிக்கடைக்காரனும் பொழைக்கோணுமல்ல. அது லில்லியோட எண்ணெய்ப் பசையுள்ள மகரந்தத் தூள். தண்ணி படாம ஒட்டற டேப்புல ஒத்தி எடுத்துட்டு, வெயில்ல காயப்போடு. இல்லாட்டி மொட்டு விரிஞ்சதுமே, தூள் வெடிக்கறதுக்கு முந்தி, உள்ள இருக்கற ஆறு நுனியையும் கிள்ளிப்போடு.

நீ கிள்ளிக் குப்பையில போடற அதே சமாச்சாரத்துக்கு மூலனூர்க் காட்டுல நாங்க கூலி குடுக்கறம், தெரியுமா? கண்வலிக்கெழங்குச் செடி. நீங்க படிச்சவுங்க, செங்காந்தள்னு சொல்லுவீங்க. சர்க்காருக்கே அதான் பூ. இங்கிலீஷ்ல அதுக்கும் லில்லின்னு பேரு வெச்சிருக்கான், ஆனா குடும்பம் வேற. அந்தப் பூவுல சூல்தண்டு இருக்குதே, அது தூளுக்கு மொகம் குடுக்காம அடியிலயே மடங்கிப் பக்கவாட்டுல நீட்டிக்கும், சண்டை போட்ட பொண்டாட்டி கட்டல்ல படுத்தாப்ல. தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வந்து சமாதானம் பண்ணோணும். வராட்டி வெடியால பொம்பளையாளுக வரிசையில எறங்கி, பூப்பூவாத் தூளைத் தொட்டுத் தடவோணும். அப்பத்தான் காய். அந்த வெதையிலதான் கவுட் வாதத்துக்கு மருந்து எடுக்கறாங்க.

பூச்சியெல்லாம் எங்க போச்சுன்னு கேக்காதே. கறுப்பு ஒடம்புல செவப்பும் வெள்ளையுமாப் புள்ளி வெச்ச புழு ஒண்ணு, அந்த வெசத்தழையை முறுக்கு மாதிரித் திங்கும். அதுக்குன்னு மருந்தடிச்சோம். பட்டாம்பூச்சியும் சேந்து போச்சு. அதுக சும்மாப் பண்ணுன வேலைக்கு இப்ப ஆள் வெச்சிருக்கோம். புத்திசாலிக கண்ணு, நாங்க.

இதெல்லாம் கெடக்கட்டும். சோபாவுல ஒரு பூனை தூங்குதே, அதுக்கு முதுகுல கொஞ்சம் தூள் ஒட்டியிருந்துது. நான் தொடச்சுட்டேன். வெளையாட்டில்லே அம்மணி. பூனை ஒடம்பை நக்கும். அந்தத் தூள் துளியூண்டு உள்ள போனாலும், போசித் தண்ணியைக் குடிச்சாலும், மூணு நாளைக்குள்ள சிறுநீரகம் போயிரும். வாந்தி எடுக்குதா பாக்கலாம்னு காத்திருக்காதே, இப்பவே கால்நடை டாக்டருகிட்டத் தூக்கிட்டுப் போ.

போசியை நான் எடுத்துப் பக்கத்து வூட்டுல குடுத்துட்டேன். அவுங்க வூட்டுல பூனை இல்லையான்னு கேட்டுட்டுத்தான். உனக்கு ரெண்டு முழம் மல்லி வாங்கி பிரிட்ஜுல வெச்சிருக்கறேன். அது பூனைக்கு ஒண்ணும் பண்ணாது.