நழுவலதிகாரம்: ஃபேன் கிளட்ச் எண்ணெய் குறித்து ஓர் ஆராய்ச்சி

எஞ்சினின் உறுப்புகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி வாழ்பவை. கிராங்கை விட்டுக் கனெக்டிங் ராடு விலகுவதில்லை. விலகினால் அன்றோடு எஞ்சின் கதை முடிந்தது. இத்தனை கட்டுப்பாடான குடும்பத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் ஃபேன் மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் காலம் தள்ளுகிறது. ஜீப், லாரி, பழைய டீசல் இன்னோவா என எஞ்சினை நீளவாக்கில் வைத்த வண்டிகளில், ஃபேனுக்கும் வாட்டர் பம்பு ஷாஃப்டுக்கும் நடுவே துடுப்புகள் வரிந்த ஓர் அலுமினிய வட்டு இருக்கும். பட்டறை வழக்கில் அது ‘விஸ்கஸ்’. சற்று மரியாதையாகச் சொன்னால் ஃபேன் கிளட்ச். கிளட்ச் என்றால் பிடிப்பது என்பது உலகோர் துணிபு. எனவே வண்டி சூடானால் ‘விஸ்கஸ் பிடிக்கலை’ என்கிறார்கள்; புது சிலிகோன் எண்ணெய் ஊற்றுவதும் பிடிப்பைக் கூட்டத்தான் என்று கொள்கிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. நழுவுவதே இக்கருவியின் தொழில். பிடிப்பது அதற்கு நடுவில் வரும் கூடுதல் வேலை. எண்ணெய் மாற்றுவோர் காப்பாற்ற வேண்டியது முறையான நழுவலையே என்பது நம் துணிபு.

முதற்சான்று கருவியின் உள்ளேயே கிடக்கிறது. ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவது ஒரு வட்டத் தகடு. ஃபேனைச் சுமப்பது வெளிக்கூடு. இரண்டிலும் வட்டத்துக்குள் வட்டமாகச் சால்கள் வெட்டப்பட்டு, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்துக்குள் தொடாமல் நுழைந்து நிற்கும். இடையில் உள்ள மயிரிழைச் சந்தில் எண்ணெய் புகுந்தால் கூடு இழுபடும். புகாவிட்டால் ஃபேன் சும்மா மிதக்கும். புகலாமா கூடாதா என்று தீர்ப்பது கிளட்ச்சின் முகத்தில் சுருண்டிருக்கும் பைமெட்டல் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சுட்டால் சுருள் முறுக்கிக்கொண்டு ஒரு குட்டி வால்வைத் திறக்கும். சேமிப்பறையிலிருந்து எண்ணெய் சால்களுக்குள் இறங்கும். திரும்பிப் போவது எப்படி என்பதில்தான் நம் வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது. தகடும் கூடும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால், விளிம்பில் எண்ணெய் ஒரு சிறு தடுப்பில் மோதி அழுத்தம் பெற்று, துளை வழியே சேமிப்பறைக்கு ஏறுகிறது. வேக வேறுபாடு இல்லையேல் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் எண்ணெய் திரும்பாது. முழுதாகப் பிடித்த கிளட்ச் ஒருபோதும் விடமாட்டாது. விடுவதற்கும் நழுவல் வேண்டும் என்க. நன்றாகச் சூடேறிய நிலையிலும் ஃபேன் ஷாஃப்டைவிடக் கொஞ்சம் பின்தங்கியே சுற்றுவது இதனால் குறையன்று.

காலையில் முதலில் ஸ்டார்ட் செய்ததும் போனெட்டுக்குள் காற்று உறுமி, ஓரிரு நிமிடத்தில் அடங்குவதும் இதற்குச் சான்று. இரவு வண்டி நின்றபோது சால்களுக்குள் கசிந்த எண்ணெய், நழுவலின் தயவால் சேமிப்பறைக்கு ஏறி முடியும்வரைதான் அந்த உறுமல். அதைக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கு ஓடுவோர் உளர். உறுமாத கிளட்ச் மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

இனிக் கணக்கு. ஃபேன் சுற்றத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறும். மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும் ஃபேனுக்கு இருபத்தேழில் ஒரு பங்கு சக்தி போதும். கிளட்ச்சின் புகழ் பாடுவோர் இந்த 27-ஐச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நேர்மையான ஆய்வு அங்கே நிற்கலாகாது. நழுவலும் சக்தியைத் தின்று எண்ணெயைச் சுடவைக்கிறது. கூட்டின் துடுப்புகள் அந்தச் சூட்டை விரட்டவே இருக்கின்றன. அதையும் சேர்த்தால், மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் எஞ்சின் கட்டும் வரி ஒன்பதில் ஒரு பங்கு. அப்போதும் லாபமே. வீணாகும் சூடு உச்சம் தொடுவது ஃபேன் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் சுற்றும்போது. அந்த மோசமான நிலையிலும் வீண் 4/27 பங்குதான், மொத்த வரி பாதிக்கும் கீழ். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது என்பதால் அந்தச் செலவும் பெரும்பாலும் மிச்சம்.

இத்தொழிலுக்குச் சிலிகோனைத் தேர்ந்தது ஏன் என்ற வினாவுக்கு விடை எளிது. கெட்டியான எஞ்சின் ஆயில் 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் கெட்டி ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகிவிடும். அதே பயணத்தில் சிலிகோன் ஐந்தில் இரண்டு பங்கைக் காப்பாற்றிக்கொள்ளும். நாட்டிங்ஹாமில் ஃபிரெடரிக் கிப்பிங் ஏறக்குறைய நாற்பதாண்டு இந்தச் சேர்மங்களோடு மல்லுக்கட்டினார். அவருக்கு வேண்டியது படிகம், கிடைத்ததோ பிசுபிசுப்பு. 1936-இன் பேக்கரியன் சொற்பொழிவில் இத்துறைக்குப் பெரிய எதிர்காலம் இல்லை என்ற தொனியிலேயே பேசினார். 1943-இல் டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கி அதையே வணிகமாக்கியது. அவர் குடுவையில் ஒட்டித் தொல்லை கொடுத்ததன் உறவுக்காரர்தான் இன்று ஃபேனைச் சுற்றுகிறார்.

எந்தக் கெட்டியில் ஊற்றுவது என்பதில் பெரும் சமயச் சண்டை நடக்கிறது. அதன் குருக்ஷேத்திரம் 1990-களின் 80 சீரிஸ் லேண்ட் க்ரூஸர். அளவை சென்டிஸ்டோக், தண்ணீர் 1, நல்ல தேன் 10,000-த்தை ஒட்டி வரும். டொயோட்டாவே 18 மில்லி டியூபுகளில் பல கெட்டிகளில் இந்த எண்ணெயை விற்கிறது. மூவாயிரத்தார் ஆசாரசீலர்கள். பத்தாயிரத்தார் சீர்திருத்தவாதிகள், பாலைவன வெயிலில் ஏசி போட்டு மணல்மேடு ஏறுகிறவர்களுக்கு அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இவர்களுக்கும் அப்பால், ரிமோட் பொம்மைக் கார்களின் டிஃபரன்ஷியலுக்கு விற்கும் முப்பதாயிரத்தை வாங்கி ஊற்றும் தீவிரவாதிகள் உண்டு. கெட்டி கூடினால் இழுவை கூடும் என்ற அவர்கள் கூற்று மெய்யே. ஆயினும் கெட்டி கூடக்கூட எண்ணெய் சேமிப்பறைக்கு நத்தையாக ஏறும்; காலை உறுமல் நீளும்; குளிர்ந்த எஞ்சினையும் ஃபேன் இழுத்துக்கொண்டே இருக்கும். பிடிப்பை மட்டும் பார்த்து நழுவலைக் கைவிட்ட நெறி அது. பத்தாயிரத்தோடு நிறுத்துவதே நம் பரிந்துரை. அதற்கும் முன்பு ரேடியேட்டர் துடுப்புகளில் அடைத்த மண்ணையும் பூச்சியையும் கழுவிவிட்டால், பாதிப்பேருக்கு எண்ணெயே தேவைப்படாது.

செய்முறையில் பெரும்பகுதி காத்திருத்தல். கழற்றுமுன் இரு பாதிக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்கள் அலுமினியத்தோடு துருவேறி உறவாகியிருக்கும். சரியான ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டாமல் திருகினால் தலை வழுக்கிவிடும். திறந்து கவிழ்த்த கூட்டிலிருந்து எண்ணெய் சொட்டாது. ஒரே நூலாக, அறுபடாமல், கீழே மடிப்பு மடிப்பாகப் படிந்தபடி இறங்கும். முழுதாக வடிய ஓர் இரவு விடுவது நல்லது. புதிதை ஊற்றும்போதும் அதே பொறுமை: பத்து மில்லி ஊற்றினால் மட்டம் அடங்கும்வரை நிற்க வேண்டும். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு மூடிய பின் கிளட்ச்சை வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் எண்ணெய் பேரிங் பக்கம் கசியும்.

இதற்கு எழும் தடைகளில் வலியது ‘போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட்டால் என்ன?’ என்பது. நடுவழியில் வீடு சேர அது ஆபத்தர்மமாகச் செல்லும். நிலையாகச் செய்தாலோ மேற்கண்ட மும்மடி வரியை முழுசாக, ஆயுளுக்கும் கட்ட வேண்டிவரும். கரண்ட் ஃபேன் மாட்டினால் போதாதா என்பாருக்கு: 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர் மொத்தமும் 1.2 கிலோவாட்தான். சிறு காருக்கு அது பொருந்தும். பாரம் ஏற்றி மலை ஏறும் வண்டியின் ஃபேன் அதை ஒரு வாயில் விழுங்கிவிடும். புதுக் கிளட்ச்சே வாங்கலாமே என்பது நியாயமான தடை. பேரிங் ஆடினாலோ, முகத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்த கோடுகள் தெரிந்தாலோ வாங்கத்தான் வேண்டும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிப் பயனில்லை. இரண்டும் இல்லையெனில், சால்கள் ஒன்றையொன்று தொடாதவை; எனவே தேயாதவை. கெட்டது எண்ணெய் மட்டுமே.

எஞ்சியிருப்பது பெயிண்ட் பட்டறைக்காரர்களின் தடை. சிலிகோன் சோப்புக்கு அசையாது. துணியில் பட்டால் துணியோடு, கையில் பட்டால் கை தொட்டதோடெல்லாம் போகும். அதன் சாயல் பட்ட தகட்டில் பெயிண்ட் அடித்தால் மீன்கண் போலக் குழி குழியாக விலகி நிற்கும். அவர்கள் இதைக் கோட்பாடாக அல்ல, கோபமாகவே சொல்கிறார்கள். இத்தடைக்கு நம்மிடம் மறுப்பு இல்லை. கிளட்ச்சை அவர்கள் பட்டறையிலிருந்து நாலு கடை தள்ளிப் பிரிப்பதே முறை; துடைத்த துணியை அந்தப் பக்கம் காயப்போடவும் கூடாது.