ஸ்ரீநாத்தை அடித்தவர்

மைசூரில் தேவராஜ மொஹல்லா பக்கம் காலையில் காபி குடிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பக்கத்து மேஜையில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் தோளைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கு மழை உண்டு, இந்தத் தோள் சொல்லுது" என்றால், "தோளுக்கு என்ன சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் காபி ஆறும். பின்னாலேயே தோசையும் ஆறும்.

ஆள் யாரானாலும் கதை ஒன்றுதான். ஜவகல் ஸ்ரீநாத்தின் பந்தை அவர் பவுண்டரிக்கு விரட்டியிருப்பார். இல்லாவிட்டால் ஸ்ரீநாத்தை கிளீன் போல்டு ஆக்கியிருப்பார். 1969-இல் பிறந்த அந்த மைசூர்க்காரர் ஒருநாள் போட்டிகளில் 315 விக்கெட் எடுத்தார். அவர் விக்கெட்டை எடுத்தவர்களோ சயாஜிராவ் ரோட்டுக்கும் தன்வந்திரி ரோட்டுக்கும் நடுவிலேயே அதைவிட அதிகம் தேறுவார்கள். இவர்கள் சொல்லும் ஆட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஸ்ரீநாத் பள்ளிக்கூடத்துப் பக்கமே போயிருக்க முடியாது. மனிதர் இன்ஜினியரிங் படித்தவர்.

நம்முடைய ஆள் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த டீமுக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் தேவராஜ மார்க்கெட்டில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். கடைக்காரரைக் கேட்காமலே எலுமிச்சம்பழங்களை அள்ளிப் பலகையில் பரப்பினார். "இது ஸ்லிப், இது கல்லி, இது மிட் ஆஃப். நீங்கதான் அம்பயர், அசையாதீங்க." பக்கத்துக் கடையில் ஒரு நஞ்சன்கூடு வாழைப்பழத்தைப் பிய்த்தார், அது மட்டை. "அதோ, அந்த மல்லிகைக் கடையிலிருந்து ஓடி வர்றான். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி சர்ருனு உள்ளே வருது. என்ன பண்றது? முன்னங்காலை எடுத்து வெச்சேன்..." வைத்தார். வெற்றிலைக் கூடை ஒன்று சரிந்தது. மட்டை நடுவில் ஒடிந்து பாதி செவ்வந்திக் குவியலில் போய் விழுந்தது. "ஃபோர்!" என்றார். "ஹத்து ரூபாய், சார்" என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்து.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல்முறை கேட்டபோது அது டென்னிஸ் பந்து. ஆடிய இடம் வீட்டுக்குப் பின்சந்து. அப்புறம் கார்க் பந்தானது. இப்போது தோல் பந்து, மகாராஜா காலேஜ் மைதானம், சுற்றிலும் கூட்டம். கே.ஆர்.எஸ். அணையில் நீர்மட்டம் 124.80 அடியைத் தொட்டால் மதகைத் திறந்துவிடுகிறார்கள். இவருக்கு அப்படி ஓர் அளவு கிடையாது.

சுற்றி உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் ஏன் ஒரு வார்த்தை மறுப்பதில்லை? அது ஒரு சீட்டு. இன்றைக்கு இவர் எடுத்தார், நாளைக்குக் கபடிக்காரர் எடுப்பார், மறுநாள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு சாமுண்டி மலை ஏறியவர். எல்லோர் கதையையும் முழுசாகக் கேட்பதுதான் மாதத் தவணை. பாதியில் எழுந்து போகிறவன் சீட்டுப் பணம் கட்டாமல் ஓடியவனுக்குச் சமம்.

இதே தெருக்களில் நடந்து, கடைக்காரர்களோடு பேசித் திரிந்த ஆர்.கே. நாராயண், 1935-இல் வெளிவந்த தன் முதல் நாவலில் சுவாமி என்ற பையனுக்கு ஒரு கிரிக்கெட் டீமைக் கொடுத்தார். முக்கியமான மேட்ச் அன்றைக்கு அவனை வரவிடாமல் செய்தார். மைசூரில் உருவானவர்களில் 'அந்த மேட்சில் நான் ஆடவில்லை' என்று ஊரறிய நின்றவன் அவன் ஒருவன்தான். அவனும் கற்பனைப் பாத்திரம்.

உண்மை ஒருநாள் கேப்டன் வீட்டிலேயே வெளியே வந்தது. அவர் உள்ளே போன நேரம் பார்த்து அவர் மனைவி காபியை வைத்தபடி சொன்னார்: "எங்க அண்ணா அந்த டீம்ல இருந்தான். இவர் அன்னிக்கு பன்னிரண்டாவது ஆள். டிரிங்க்ஸ் பிரேக்ல எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். அவ்வளவுதான்."

மார்க்கெட்டில் அவர் கை ஏன் நேராக எலுமிச்சைக்குப் போனது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஸ்ரீநாத் இப்போது ஐ.சி.சி.யின் மேட்ச் ரெஃப்ரி. அவரிடம் இந்த வழக்கை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ஆகவே முதலில் சொன்ன எச்சரிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தோளுக்கு என்ன என்று தாராளமாகக் கேளுங்கள்; இரண்டாவது காபி கேப்டன் கணக்கில். அடுத்த வாரம் உங்கள் முறையும் வரும். என்னுடையது வியாழக்கிழமை: சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறிய கதை. வழியில் இருக்கும் நந்தி சிலையோடு திரும்பிவிட்டதை நான் சொல்வதில்லை; அவர்களும் கேட்பதில்லை.