கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பான் போகிறேன். டோக்கியோவின் நெரிசலிலிருந்து ஒரு நாள் தப்பிக்க ஓர் இடம் சொல்லுங்களேன்?

பதில்: இனுபோசாகி. பசிபிக் கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கும் பாறை முனை. டோக்கியோவிலிருந்து சோஷி நகரத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஒரு குட்டி ரயில்.

முனையில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1874-இல் எரியத் தொடங்கியது. வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரிச்சர்ட் ஹென்றி பிரண்டன். செங்கல்லோ ஜப்பானிலேயே சுட்டது. நிலநடுக்கத்துக்கு அஞ்சி இரட்டைச் சுவர் வைத்தார்கள். 1923, 2011 நிலநடுக்கங்களைப் பார்த்துவிட்டு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே 99 படிகள். நூறாவது படி எங்கே என்று கேட்காதீர்கள். மேலே போனதும் கடல் அந்தக் கேள்வியை மறக்கடித்துவிடும். காற்று பலமாக வீசும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தீவுகளையும் மலையுச்சிகளையும் விட்டுவிட்டால், ஜப்பானில் புத்தாண்டுச் சூரியன் முதலில் தலைகாட்டுவது இங்கேதான். ஜனவரி முதல் தேதி காலை 6.46 மணிக்கு! அன்று மட்டும் போகாதீர்கள். டோக்கியோ நெரிசல் உங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கும்.

அந்தக் குட்டி ரயில், சோஷி மின்சார ரயில்வே. மொத்தப் பாதையே 6.4 கிலோமீட்டர். பயணிகள் குறைந்து திண்டாடியபோது, சோயா சாற்றில் தோய்த்த மெத்தென்ற அரிசித் தின்பண்டம் விற்றுப் பிழைத்தது. தண்டவாளத்தைத் தின்பண்டம் தாங்கிய அதிசயம் இது! டிக்கெட்டோடு ஒரு பாக்கெட்டும் வாங்குங்கள். அந்த ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.